கட்டிக்கு வெளியே கிடைத்த விடை

கல்லீரலில் தோன்றிய புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சையின்வழி அகற்றிய பிறகு, நோயாளி மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "இது மறுபடியும் வருமா, டாக்டர்?" என்பதுதான். கட்டியின் அளவையும் எண்ணிக்கையையும் கொண்டு மருத்துவர் ஓரளவு கணிக்கலாம். ஆயினும், ஒரே அளவுள்ள கட்டி அகற்றப்பட்ட இருவருள் ஒருவர் பல்லாண்டு நலமாக வாழ்வார்; மற்றவருக்கு நோய் விரைவில் திரும்பிவிடும்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆய்வாளர்கள் மரபணுக்களில் தேடினர். நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் உள்ளது. ஆனால், எல்லா மரபணுக்களும் எல்லா இடங்களிலும் இயங்குவதில்லை. வீடு முழுவதும் விளக்குகள் இருந்தாலும் தேவையான அறையில் மட்டும் அவை எரிவதைப் போன்றது இது. மரபணு இயங்கும்போது ஆர்.என்.ஏ. எனும் நகல் உருவாகிறது. அந்நகல்களின் அளவைக் கொண்டு மரபணுவின் இயக்கத்தை அறியலாம். இதுவே மரபணு வெளிப்பாடு எனப்படுகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அறுவை சிகிச்சையில் எடுக்கப்படும் திசுக்களை மருத்துவமனைகள் ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து வைக்கின்றன. அவற்றில் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்துவிடும். எனினும், அந்தப் பழைய திசுக்கள் விலைமதிப்பற்றவை. அவற்றுக்கு உரியவர்கள் பின்னர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார்கள் என்பது முன்பே பதிவாகியிருந்ததே!

யுஜின் ஹோஷிடா, டாட் கோலப் ஆகியோர் இடம்பெற்ற ஆய்வுக்குழு, சிதைந்த துண்டுகளையும் அளக்கவல்ல முறையைக் கையாண்டது. 24 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேமிக்கப்பட்ட திசுக்கள்கூடத் தெளிவான தகவல்களைத் தந்தன. மொத்தம் 307 நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்த அக்குழு, 2008ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது.

முடிவு எதிர்பாராதது. கட்டியின் மரபணு வெளிப்பாட்டுக்கும் நோயாளியின் ஆயுளுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. கட்டியைச் சுற்றியிருந்த, புற்றுநோய் இல்லாத கல்லீரல் பகுதிதான் விடையைத் தந்தது! முதலில் ஜப்பானைச் சேர்ந்த 82 நோயாளிகளிடம் இத்தொடர்பு காணப்பட்டது. பின்னர், அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த 225 நோயாளிகளிடம் அது சோதித்து உறுதிசெய்யப்பட்டது.

இதற்கான விளக்கம் கடினமானதன்று. இந்நோயாளிகள் பலரின் கல்லீரல், கிருமித்தொற்று போன்ற காரணங்களால் பல்லாண்டுகளாகப் புண்பட்டுத் தழும்பேறிப் போயிருக்கும். கட்டியை வெட்டி எடுத்தாலும், அது முளைத்த நிலம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அங்கே புதிய கட்டி தோன்றலாம். அழற்சி தொடர்பான மரபணுக்கள் மிகுதியாக இயங்கிய கல்லீரலைக் கொண்டவர்களுக்கு ஆபத்து அதிகம். கல்லீரலின் வழக்கமான பணிகளைச் செய்யும் மரபணுக்கள் நன்கு இயங்கியவர்களோ நீண்டகாலம் வாழ்ந்தனர்.

இத்தகைய கணிப்பு ஒருவரின் ஆயுளை நாள் குறித்துச் சொல்லிவிடாது. ஆபத்து மிகுந்தவர் யார், குறைந்தவர் யார் எனப் பிரித்துக் காட்டவே அது உதவும். ஆபத்து மிகுந்தவரை அடிக்கடி ஸ்கேன் செய்து பார்த்தால், புதிய கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்து அகற்ற முடியும்.