வீட்டுக்கு ஒரு செம்பருத்தி: கடன் வாங்கும் முன் கன்று வைப்போம்



வண்ணார்பேட்டையானாலும் தாமிரபரணிக் கரையில் உள்ள எந்த ஊரானாலும், செம்பருத்தி இல்லாத தெரு குறைவு. சாமிக்கு ஒரு பூ, தலைக்கு நாலு இலை என்று பறிப்பதோடு விட்டுவிடுகிறோம். இதை வைத்துக் குழுவாகத் தொழில் செய்யலாமா என்று பல உறுப்பினர்கள் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

கன்றுக்குக் காசு வேண்டாம்

செம்பருத்தி பெரும்பாலும் விதையில் வருவதில்லை, குச்சியில்தான் வரும். மருந்துக்கும் எண்ணெய்க்கும் எல்லாரும் கேட்பது ஐந்து இதழ் உள்ள சிவப்பு ஒற்றைப் பூ. அந்தச் செடியில் பென்சில் பருமனில், ரொம்ப இளசாகவும் இல்லாமல் முற்றியும் போகாத கிளையைப் பாருங்கள். அரை அடி முதல் முக்கால் அடி நீளத்துக்கு, கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். மேலே இரண்டு இலை போதும். மண், மணல், தொழுவுரம் மூன்றும் சமமாகக் கலந்த பையில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஈரம் இருக்கணும், தண்ணீர் தேங்கக் கூடாது. 4 முதல் 8 வாரத்தில் வேர் பிடிக்கும். நமக்கு ஐப்பசி மழையை ஒட்டி ஊன்றுவது நல்லது.

வேர் பிடித்ததும் ஒன்றரை அடிக் குழி எடுத்து, தொழுவுரம் இட்டு, 5 அடி இடைவெளியில் நடலாம். அரை நாளாவது வெயில் படணும். புதுத் துளிரில்தான் பூ வரும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கு கிளையை வெட்டிவிடுங்கள். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் மொட்டு உதிரும்.

மாவுப்பூச்சி, கவனம்!

பருத்தி, வெண்டை, துத்தி, பூவரசு எல்லாம் செம்பருத்திக்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். ஒன்றில் வரும் பூச்சி மற்றதுக்கும் தாவும். 2008ல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளியோடு செம்பருத்தியையும் பிடித்தது. எந்த மருந்துக்கும் எளிதில் அடங்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னஞ்சிறு குளவியை விட்ட பிறகுதான் அடங்கியது. இதில் நமக்குப் பாடம் உண்டு. கண்ட மருந்தை அடித்தால் நன்மை செய்யும் பூச்சியும் செத்துப்போகும்.

வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினது போலத் தெரிந்தால் அந்த நுனியை ஒடித்து எரித்துவிடுங்கள். எறும்பு ஏறாமல் பாருங்கள், மாவுப்பூச்சிக்குக் காவல் எறும்புதான். லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். வாயில் போகிற பூவுக்கு விஷ மருந்து வேண்டவே வேண்டாம். கூடுதல் ஆலோசனைக்குக் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி நமக்குப் பக்கம்தான்.

பூவை என்ன செய்வது?

செம்பருத்திக்கு ஆயுசு ஒரு நாள். காலையில் விரியும், சாயங்காலம் சுருண்டுவிடும். மல்லிகை மாதிரி சந்தைக்கு அனுப்பிப் பிழைக்க முடியாது. பனி காய்ந்ததும் பறித்து, இதழை மட்டும் நிழலில் துணி மேல் பரப்பி, கையில் நொறுங்கும் வரை காயவைத்து, காற்றுப்புகாத டப்பாவில் அடையுங்கள். 1 கிலோ பூ காய்ந்தால் ஏறக்குறைய 100 கிராம்தான் நிற்கும். விலை பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று. வெளிநாட்டில் செம்பருத்தித் தேநீர் என்று விற்பது பெரும்பாலும் நம் பூ அல்ல. அது புளிச்சை இனத்துச் செடி ஒன்றின் காயைச் சுற்றியுள்ள சிவப்பு மடல். "ஏற்றுமதிக்கு எடுத்துக்கிறோம், கன்றை எங்ககிட்ட வாங்குங்க" என்று யாராவது வந்தால் எந்தச் செடி, எந்த விலை, எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள்.

உணவுப் பொருளாக விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை மருந்தாக உட்கொள்ளக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் ஒற்றைச் செம்பருத்தி இருக்கிறது?
2. ஒரு வாரம் பறித்துக் காயவைத்தால் எத்தனை கிராம் வருகிறது?
3. அதை வாங்குகிறவர் யார், என்ன விலை தருகிறார்?

மூன்றுக்கும் பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறின பிறகு கடனைப் பற்றிப் பேசலாம். அதுவரை ஆளுக்கு 2 குச்சி ஊன்றுவோம், செலவு ஒன்றும் இல்லையே!