ஆகாய விமானப் பணியாளர் பயிற்சி

இராஜபாளையத்து நூலாலைகளாலும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறிகளாலும் வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுட் சிலர் இந்நாளில் விமானப் பணியை விரும்புகின்றனர். 'உணவு பரிமாறவோ பயிற்சி?' என வினவும் பெற்றோரும் உளர். அவர்க்கு யாம் சில கூறுவோம்.

1930-இல் அமெரிக்காவில் இவ்வுத்தியோகத்திற் புகுந்த முதற் பெண்மணி எல்லன் சர்ச் ஒரு செவிலியர். இன்றும் பயிற்சியின் உயிர்நிலை பிரயாணிகளைக் காத்தலே. தீயணைத்தல், முதலுதவி, நீரில் இறங்கிய விமானத்தினின்று ஆட்களை வெளியேற்றல் ஆகியவற்றைக் கை பழகும்வரை பயில்விக்கின்றனர். பெரிய பிரயாணி விமானம் எதுவாயினும், பாதி வாயில்களைக் கொண்டே 90 விநாடிகளில் அனைவரையும் இறக்கக்கூடியதாதல் வேண்டும் என்பது விதி.

இப்பயிற்சியின் பயனை 2024 ஜனவரி 2-ஆம் நாள் உலகங் கண்டது. டோக்கியோ ஹனேடா நிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், கடற்காவற்படையின் சிறு விமானத்தோடு மோதித் தீப்பற்றிற்று. சிறு விமானத்தில் ஐவர் மாண்டனர். பெரிய விமானத்திலோ அறிவிப்புக் கருவி பழுதுற்றது. பணியாளர் கையொலிபெருக்கியாலும் உரத்த குரலாலும் வழிகாட்டினர். எட்டு வாயில்களுள் மூன்றே பயன்பட்டன. எனினும் 379 பேரும் உயிர்தப்பினர். மூடிக்கிடந்த ஐந்து வாயில்களைத் திறவாதிருந்ததும் பயிற்சியின் பயனே. தீ நிற்கும் பக்கத்துக் கதவைத் திறத்தல் கேடாம்.

நம் நாட்டில் இப்பயிற்சியைப் பெரும்பாலும் விமானக் கம்பெனியே, ஆளைத் தெரிந்தெடுத்தபின் அளிக்கின்றது. பெருந்தொகை கட்டித் தனிச்சாலைகளிற் பெறும் சான்றிதழ் இன்றியமையாததன்று. ஆதலின் நிலத்தை அடகு வைக்குமுன் கம்பெனிகளின் விளம்பரங்களை வாசித்தல் நலம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், ஆங்கிலப் பேச்சும், உடல்நலமும் கேட்பர். நீந்தத் தெரிதலை வேண்டுவோரும் உளர். நம் ஊர்க் கிணறுகளிற் குதித்து வளர்ந்தார்க்கு அஃது அரிதன்று.