இரண்டங்குலச் சிப்பாயின் தலைப்பாகை

பழங்காலப் படைவீரர்களைச் சிறு உருவங்களாகச் செய்து வண்ணம் தீட்டி வைப்பது ஒரு பொழுதுபோக்கு. மேனாட்டில் இதில் ஈடுபட்டோர் பல்லாயிரவர். நம்மவருள் மிகச் சிலரே. விடுதியில் என் மேசையைக் காணும் நண்பர்கள், "இன்னுமா பொம்மை விளையாட்டு?" என்று கேட்பதுண்டு. பொம்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பொம்மையின் தலையில் எதை வைப்பது என்று முடிவு செய்ய நூலகத்தில் ஒரு வாரம் உட்கார வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தார் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களை வார்த்து விற்றனர். 1893-இல் இங்கிலாந்தில் பிரிட்டன்ஸ் கம்பெனியார் உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கொணர்ந்தனர். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் நடுவில் எஞ்சியதைக் கவிழ்த்துவிடுவார்கள். ஈயம் மிச்சம், விலை மலிவு. அவர்களுடைய 54 மில்லிமீட்டர் உயரமே இன்றும் பெருவழக்கு. அது மனித உயரத்தில் ஏறத்தாழ 32-இல் ஒரு பங்கு. ஐந்தடி எட்டங்குல மனிதன் இரண்டங்குலத்துக்குச் சற்று மேலாக நிற்பான். எச். ஜி. வெல்ஸ் இத்தகைய வீரர்களை வைத்து ஆடும் ஆட்டத்துக்கு விதி வகுத்து 1913-இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆடுவது வேறு, ஆராய்ந்து செய்வது வேறு. நான் சொல்ல வருவது பின்னதைப் பற்றி.

நெப்போலியனின் காவற்படையை எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டவன் 1806-இல் வேலூர்க் கோட்டையில் இருந்த சென்னைப் படைச் சிப்பாய். உடுப்பில் ஒரு துண்டை மாற்றியதற்காகக் கோட்டையே கொந்தளித்தது அவன் காலத்தில்தான்.

1805 நவம்பரில் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் புதிய தலைப்பாகை ஒன்றை விதித்தார். அது பழைய தலைப்பாகை போலன்றி ஐரோப்பியரின் வட்டத் தொப்பியை ஒத்திருந்தது. தோலால் ஆன ஓர் அணியும் அதில் இருந்தது. அதையொட்டி வந்த படைவிதிகளோ இன்னும் கடுமை. உடுப்பில் இருக்கும்போது நெற்றியில் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. மோவாயை மழிக்க வேண்டும். மீசைகூட இயன்றவரை ஒரே அளவாக இருக்க வேண்டும். இந்துவுக்குத் திருநீறும் நாமமும் போயின. முஸ்லிமுக்குத் தாடி போயிற்று. அந்தத் தோல் எந்த விலங்கின் தோலோ என்ற ஐயம் இருவருக்கும் பொது. மே மாதத்தில் அணிய மறுத்தவர்களுள் இருவர் கசையடி பட்டு வேலையும் இழந்தனர். ஜூலை 10, நள்ளிரவு கடந்தபின், கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. ஆங்கிலேயரின் 69-ஆம் ரெஜிமெண்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியபோது மாண்ட சிப்பாய்கள் அதனினும் பலர். கோட்டையில் திப்புவின் மக்கள் காவலில் இருந்தனர். மைசூர்க் கொடியும் அன்று ஏற்றப்பட்டது. ஆகவே தலைப்பாகை ஒன்றே காரணம் என்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அந்த ஆணை கைவிடப்பட்டது. 1807-இல் கிராடக்கும் கவர்னர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

இனி, உருவம் செய்பவன் பாட்டைப் பாருங்கள். நூல் எழுதுபவன் "சிப்பாய்கள் எழுந்தனர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடலாம். எனக்கு அது இயலாது. என் சிப்பாய்க்கு முகம் வேண்டும். அந்த முகத்தில் தாடி உண்டா, நெற்றியில் குறி உண்டா, காதில் கடுக்கன் உண்டா? ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னால்தான் தூரிகையை எடுக்க முடியும். விடை சொன்னதும், அவன் ஆணைக்கு முந்தியவனா பிந்தியவனா என்பதும் முடிவாகிவிடுகிறது. ஆகவே இரண்டு உருவங்கள் செய்வதென்று தீர்மானித்தேன்.

சான்றுக்குப் படங்களே துணை. கம்பெனி அதிகாரிகளுக்காகத் தஞ்சை ஓவியர்கள் 1800-ஐ ஒட்டி வரைந்த படங்களில் சிப்பாய்கள் தம் மனைவியரோடு நிற்கிறார்கள். சார்லஸ் கோல்டு என்ற பீரங்கிப்படை அதிகாரி 1790-களில் இங்கே வரைந்தவை 1806-இல் நூலாக வந்தன. இதில் ஓர் எச்சரிக்கை: நூல் வந்த ஆண்டைப் பார்த்து உடையின் ஆண்டைக் கணிக்கக் கூடாது. அச்சிட்டது 1806 ஆனாலும் அவர் கண்டது அதற்கு முந்திய சிப்பாயை. என் முதல் உருவத்துக்கு அது பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது.

சென்னைச் சிப்பாய் வார்ப்பு என் கைக்கு எட்டவில்லை. எனவே நெப்போலியன் காலத்து ஆங்கிலக் காலாட்கள் இருவரை வாங்கி உருமாற்றினேன். முதலில் வார்ப்பின் ஒட்டுக்கோட்டை மெல்லிய அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு சோப்பு நீரில் கழுவ வேண்டும். எண்ணெய்ப்பசை இருந்தால் வண்ணம் பிடிக்காது. பழைய வார்ப்புகளில் ஈயம் உண்டு. தேய்த்த தூளை ஊதாதீர்கள், கையைக் கழுவாமல் மெஸ்ஸுக்குப் போகாதீர்கள். தொப்பியைச் சீவிவிட்டு, எம்-சீலின் இரு பகுதிகளைச் சம அளவில் பிசைந்து, நூல்போல் உருட்டித் தலையில் சுற்றினால் தலைப்பாகை தானே உருவாகிறது. ஈர ஊசியால் மடிப்புகளைக் கீறலாம். முதல்வனின் நீண்ட காற்சட்டையைச் செதுக்கிக் குட்டைக் காற்சட்டையும் வெறுங்காலும் ஆக்கினேன். துப்பாக்கியைத் தொடவில்லை. கம்பெனிக்கென வகுத்த "இந்திய மாதிரி" துப்பாக்கியையே 1790-களில் ஆங்கில அரசப்படையும் எடுத்துக்கொண்டது. வெள்ளையன் கையிலும் நம்மவன் கையிலும் இருந்தது ஒன்றே.

வண்ணத்தில் பலர் இடறும் இடம் சிவப்பு. நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் அழுக்காகும். வெளிச்சத்துக்கு வெள்ளையைக் கலந்தால் இளஞ்சிவப்பாகும். நிழலுக்குச் சிறிது பழுப்பு, வெளிச்சத்துக்குச் சிறிது ஆரஞ்சு, இவை போதும். அக்ரிலிக் வண்ணத்தை நீர்விட்டுப் பால்போல் ஆக்கி, ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாக மூன்று நான்கு முறை பூசுங்கள். வெள்ளை வார்களுக்கு முதலில் சாம்பல் நிறம் பூசி, ஓரத்தில் மயிரிழை விட்டு வெள்ளை தீட்டினால் வார் சட்டையிலிருந்து பிரிந்து தெரியும். தூரிகை மிகச் சிறிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. முனை கூராக இருந்தால் போதும். கடைகளில் "தோல் நிறம்" என்று விற்கும் புட்டியை மட்டும் நம்பாதீர்கள். அது யார் தோலின் நிறம் என்று எனக்கு விளங்கியதே இல்லை. பழுப்பில் சிறிது சிவப்பும் துளி மஞ்சளும் சேர்த்து நானே கலந்துகொண்டேன்.

முதல்வனுக்கு நெற்றியில் மூன்று வெண்கோடுகள். ஒற்றை மயிரால் இழுப்பதுபோல் இழுக்க வேண்டும். அதற்கே ஒரு மாலை ஆயிற்று. காதில் ஒரு புள்ளி பொன். இரண்டாமவனுக்கு மழித்த மோவாய், அளவான மீசை, வெறும் நெற்றி, வட்டத் தலைப்பாகை. அவனுக்கு வேலை குறைவு. அரை மணியில் முகம் முடிந்துவிட்டது.

அடித்தட்டில் மணலை ஒட்டி, முன்னவனுக்கு 1805 என்றும் பின்னவனுக்கு 1806 என்றும் எழுதியிருக்கிறேன். மேலே மங்கல் வார்னிஷ் பூச வேண்டும்; பளபளப்பு துப்பாக்கி இரும்புக்கும் தோலுக்கும் மட்டும் இருக்கட்டும். மழை நாளில் பூசினால் வெண்மை படரும். வெயில் வரட்டும் என்று இருவரும் சன்னலோரம் காத்திருக்கிறார்கள்.