வழிகாட்டி ஆசிரியராகப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஸ்ரீரங்கத்தில் உன் பள்ளிக்கு இந்த வருஷம் பி.எட். மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள் என்றும், கணிதத்துக்கு உன்னை வழிகாட்டி ஆசிரியராகத் தலைமையாசிரியர் போட்டிருக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கூடவே, “பத்து வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இரண்டு பேரைப் பார்த்துக்கொள்வதில் என்ன இருக்கிறது அக்கா?” என்று ஒரு வரி சேர்த்திருந்தாய். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாடம் நடத்தத் தெரிவது ஒரு திறமை. இன்னொருவரைப் பாடம் நடத்தப் பழக்குவது வேறு திறமை. முதலாவது கைவந்தவருக்கு இரண்டாவது தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் நம் பள்ளிகளில் காலங்காலமாக இந்த வேலை நடக்கிறது. அப்படி வருவதில்லை. படித்துப் பழகித்தான் வர வேண்டும்.

வழிகாட்டிக்கு யாரும் அதைக் கற்றுக்கொடுப்பதில்லை என்பதுதான் குறை. 1964–66 கோத்தாரி குழு காலத்திலிருந்தே பயிற்சி மாணவர்கள் பள்ளியில் கூடுதல் நாட்கள் இருக்க வேண்டும் என்ற பேச்சு உண்டு. 2012இல் நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் ஆசிரியர் கல்வி பற்றி அறிக்கை கொடுத்தது. 2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் புதிய விதிகள் வந்தன. ஒரு வருஷப் படிப்பாக இருந்த பி.எட். இரண்டு வருஷமானது. முதல் ஆண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம், ஆக 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்றார்கள். கற்றுக்கொள்ள வருபவருக்குக் காலம் கூடியது, நல்லது. அவர்களைக் கையில் வாங்கிக்கொள்ளும் ஆசிரியரை யார் தயார் செய்வது என்ற கேள்வி மட்டும் நின்றுபோனது. 2022இல் தேசிய வழிகாட்டல் இயக்கத்தை 30 மத்தியப் பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். அதுவும் ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்த திட்டம். உன்னிடம் வரப்போகும் இருவருக்கும் அதனால் உடனடிப் பயன் இல்லை.

அதனால் என்ன நடக்கிறது என்பது உனக்கே தெரியும். கல்லூரிக் கடிதத்தோடு பயிற்சி மாணவர்கள் வருவார்கள். அன்றைக்கு யார் லீவோ அந்த வகுப்புக்கு அவர்களை அனுப்பிவிடுவோம். வழிகாட்டி ஆசிரியர் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். சாயங்காலம் பாடக்குறிப்பு நோட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தால் வரிசையாகக் கையெழுத்து விழும். இருபது வாரமும் இப்படியே கழிந்தால் அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது கையெழுத்து வாங்குவதைத்தான்.

நன்றாகச் சமைக்கிற அம்மாவிடம் உப்பு எவ்வளவு என்று கேட்டால், “கைக்குத் தெரியும்” என்பாள். பத்து வருஷம் கற்பித்தவரின் நிலையும் அதுதான். உன் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் உயரங்களும் தொலைவுகளும் வருகிறது அல்லவா? ஏற்றக்கோணத்தை எந்தப் பயிற்சி ஆசிரியரும் ஓரளவு நடத்திவிடுவார். 1987இல் கட்டி முடித்த ராஜகோபுரம் கண்ணெதிரே நிற்கிறது. உயரம் 236 அடி, ஏறத்தாழ 72 மீட்டர். உச்சி 45 டிகிரியில் தெரிந்தால் 72 மீட்டர் தள்ளி நிற்கிறோம், 60 டிகிரியில் தெரிந்தால் சுமார் 41.6 மீட்டர். கோபுரத்தைத் தினம் அண்ணாந்து பார்க்கிற பிள்ளைகளுக்கு இது எளிது. சிக்கல் இறக்கக்கோணத்தில்தான். மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயிலில் நின்று காவிரியில் ஒரு பரிசலைப் பார்ப்பதாகக் கணக்குக் கொடுத்துப் பார். பல பிள்ளைகள் கோணத்தைக் கிடைக்கோட்டிலிருந்து குறிக்காமல் மலையின் செங்குத்துக் கோட்டிலிருந்து குறிப்பார்கள். இது உனக்குத் தெரியும். அதனால் படம் போடும்போதே கண் மட்டத்தில் ஒரு புள்ளிக்கோடு இழுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாய். ஏன் இழுத்தாய் என்று கேட்டால் “எப்பவும் அப்படித்தான்” என்பாய். பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிற பயிற்சி மாணவிக்கு அது வெறும் கோடு. நாளைக்கு அவள் படம் போடும்போது அது இருக்காது.

இந்தப் பாடத்தில் இந்த வயதுப் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று தெரிந்திருப்பது கணித அறிவும் இல்லை, பொதுவான கற்பித்தல் முறையும் இல்லை. அது தனியொரு அறிவு என்று 1986இல் அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் வாதிட்டார். அங்கேயே டான் லார்ட்டி 1975இல் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார். ஆசிரியர் என்ன செய்தார் என்பது அவருக்கு அத்துப்படி. ஏன் செய்தார் என்பது தெரியாது. அந்த ‘ஏன்’ உன்னிடம் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்வதுதான் உன் முதல் வேலை.

முதல் வாரம் அவர்கள் உன் வகுப்பைப் பார்க்கட்டும். “சும்மா கவனியுங்கள்” என்று உட்கார வைக்காதே. வகுப்புக்கு முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று எதிர்பார்க்கிறாய், அதற்கு என்ன வைத்திருக்கிறாய் என்று சொல். “மூன்றாவது பெஞ்சில் இரண்டு பேருடைய நோட்டை மட்டும் பாருங்கள்” என்று ஒரு வேலை கொடு. முடிந்ததும், நினைத்தபடி எது நடந்தது, எந்த இடத்தில் திட்டத்தை மாற்றினாய் என்று பேசு. உன் பாடம் சரியாகப் போகாத நாளில் இதை இன்னும் விரிவாகப் பேசு. அவர்களுக்கு அதுதான் அதிகம் உதவும்.

அவர்கள் நடத்தத் தொடங்கியதும் நீ பின்பெஞ்சுக்குப் போ. அங்கேதான் நம்மில் நல்ல ஆசிரியர்களே சறுக்குகிறார்கள். குரல் போதவில்லை, கரும்பலகை எழுத்து கோணல், கிளாஸ் கண்ட்ரோல் இல்லை என்று அடுக்கிவிடுவோம். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரே மூச்சில் ஆறு குறை கேட்ட பெண் அடுத்த நாள் எதைத் திருத்துவாள்? உன் கருத்தை எழுதாதே, நடந்ததை எழுது. “‘புரிஞ்சுதா?’ என்று ஏழு தடவை கேட்டீர்கள். எல்லாரும் சேர்ந்து ‘புரிஞ்சுது மிஸ்’ என்றார்கள். நான் பார்த்த ஐந்து நோட்டில் மூன்றில் கோணம் தப்பு.” இதைக் காட்டிவிட்டு நிறுத்து. ஏன் அப்படி ஆயிற்று என்று அவள் யோசிக்கட்டும். மௌனம் நீண்டாலும் நீ முந்திக்கொள்ளாதே. பேச்சு முடியும்போது நாளைக்கு மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று மிஞ்சினால் போதும்.

இன்னொன்று. வகுப்பு நடுவே எழுந்து சாக்பீஸை வாங்கித் திருத்தாதே. பிள்ளைகள் முன்னால் அப்படிச் செய்த நாளோடு அவளை ஆசிரியராக யாரும் பார்க்க மாட்டார்கள். கணக்கே தப்பாகப் போனால்கூட அடுத்த வகுப்பில் அவளே திருத்திச் சொல்ல வழி செய்.

மதிப்பெண் விஷயம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. கைகொடுக்கிறவரே மார்க் போடுகிறவராகவும் இருந்தால், பயிற்சி மாணவர் தன் சந்தேகத்தை எப்படிச் சொல்வார்? தெரிந்த, பாதுகாப்பான பாடத்தையே நடத்திக் காட்டுவார். 2013இல் ஆண்ட்ரூ ஹாப்சன், ஆஞ்சி மால்டரெஸ் இருவரும் இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றி எழுதியதும் இதைத்தான்: வழிகாட்டி உடனுக்குடன் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் கற்பது நின்றுவிடுகிறது. உன்னால் விதியை மாற்ற முடியாது. எந்தெந்த வகுப்பை மதிப்பிடப் போகிறாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். மற்ற வகுப்புகளில் அவர்கள் தாராளமாகத் தவறு செய்யட்டும்.

நீயும் பழக வேண்டும் என்றேனே, அதைத் தனியாகச் செய்ய முடியாது. பெரிய அரங்கில் இருநூறு பேரை உட்கார வைத்துத் திரையில் படம் காட்டுகிற பயிற்சியால் இது வராது. நான்கைந்து வழிகாட்டி ஆசிரியர்கள் சேருங்கள். பயிற்சி மாணவரின் சம்மதத்தோடு ஒரு வகுப்பைச் செல்போனில் படம் பிடியுங்கள். எல்லாரும் பார்த்துவிட்டு, ஒருவர் பயிற்சி மாணவராக உட்கார, இன்னொருவர் அவரிடம் பேச, மற்றவர்கள் அந்தப் பேச்சைக் கவனியுங்கள். நாம் எவ்வளவு குறுக்கே பேசுகிறோம் என்பது அப்போதுதான் நமக்கே தெரியும். வட்டார வள மையத்தில் இடம் கேட்கலாம். திருச்சியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே ஒரு விரிவுரையாளரை அழைக்கலாம். பின்லாந்தில் பல்கலைக்கழகங்களோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகள் உண்டு. அங்கே பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் பயிற்சி மாணவர்களை வழிநடத்துவதும் ஆசிரியரின் வேலையிலேயே சேர்ந்தவை. நமக்கு அந்த ஏற்பாடு இல்லை, நேரத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே அவர்கள் வருவதற்கு முன்பே தலைமையாசிரியரைப் பார். வாரத்தில் இரண்டு பீரியடாவது உனக்கும் அவர்களுக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு வரும்படி கால அட்டவணையைப் போட்டுத் தரச் சொல். லீவ் வகுப்புகளுக்கு முதல் இரண்டு வாரம் அவர்களை அனுப்ப வேண்டாம் என்றும் கேள். மார்கழியில் அரையாண்டுத் தேர்வு, விடுமுறை, வைகுண்ட ஏகாதசிக்கான உள்ளூர் விடுமுறை என்று நாட்கள் கரையும். முக்கோணவியலை அவர்களிடம் கொடுப்பதானால் அதற்கு முன்னாலேயே கொடு. தலைமையாசிரியர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
அக்கா