மூன்றும் ஒரே பாடம்: அமெரிக்க இலக்கியத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் 11ஆம் வகுப்பில்தான் ஆங்கிலப் பாடம் முழுக்க அமெரிக்க இலக்கியமாகிறது. கூடவே ரெட்டரிக் எனும் சொல்வன்மைக் கலையும் இலக்கணமும் வருகின்றன. ஆண்டுத் தேர்வு நெருங்கியதும் பிள்ளைகள் மூன்றுக்கும் மூன்று நோட்டுப் போட்டு, தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். இந்த ஆள், இந்த மக்களுக்கு, இதை ஏன் இப்படிச் சொன்னார்? மூன்று பாடமும் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்.

1. ஒரே தாளில் காலவரிசை எழுதுங்கள். ஜொனாதன் எட்வர்ட்ஸின் நரகப் பிரசங்கம் 1741. சுதந்திரப் பிரகடனம் 1776. ஃப்ரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு 1845. பிறகு ஆறே ஆண்டுகளுக்குள் ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ (1850), மெல்வில்லின் ‘மோபி டிக்’ (1851), தோரோவின் ‘வால்டன்’ (1854), விட்மனின் ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ (1855). ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த நேரத்தில் நாடு எதைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். 1850இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லும் சட்டம் வந்தது. தனிமனிதனின் மனசாட்சி பெரிதா, அரசின் சட்டம் பெரிதா என்று தோரோ கேட்டதன் சூடு அப்போதுதான் புரியும். காலகட்டங்களின் பெயர்கள் தாமாகவே மனதில் நிற்கும்.

2. கதை நடக்கும் காலத்தையும் கதை எழுதிய காலத்தையும் குழப்பாதீர்கள். மதிப்பெண் அதிகம் போகும் இடங்களில் இது ஒன்று. ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ 17ஆம் நூற்றாண்டு பாஸ்டனில் நடக்கிறது; அதனால் அது பியூரிட்டன் இலக்கியம் ஆகிவிடாது. 1692இல் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று பலரை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் ஹாதார்னின் முன்னோர். அந்தப் பாரம் அவர் எழுத்தில் இருக்கிறது. ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நாடகமும் அதே சேலம் விசாரணையைத்தான் காட்டுகிறது. ஆனால் மேடையேறியது 1953இல். கம்யூனிஸ்ட் என்று ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கச் சொன்ன காலம் அது. ‘ஹக்கிள்பெரி ஃபின்’ அடிமை முறை நடப்பிலிருந்த நாட்களின் கதை. அமெரிக்காவில் வெளியான 1885இல் அந்த முறை சட்டப்படி ஒழிந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தப் பழைய கதையை இவர் இப்போது ஏன் சொல்கிறார் என்று எழுதத் தெரிந்தால், உங்கள் விடை தனியாகத் தெரியும்.

3. சுருக்கத்தை விட்டு மூலத்தைத் திரும்பப் படியுங்கள். தேர்வில் கதைச் சுருக்கம் கேட்பதைவிட ஒரு பத்தியைக் கொடுத்து அதைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். முழு நாவலையும் மறுபடி படிக்க நேரமிருக்காது. முதல் அத்தியாயத்தையும் கடைசிப் பக்கங்களையும் படியுங்கள். ‘தி கிரேட் கேட்ஸ்பி’யை (1925) எடுத்தால், கேட்ஸ்பியின் கதையை நிக் கேரவே சொல்கிறான் என்பதையும், அவன் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் முதல் அத்தியாயமே காட்டிவிடும். எமிலி டிக்கின்சனை வாய்விட்டுப் படியுங்கள். அவர் இறந்த பின் 1890இல் கவிதைகளைத் தொகுத்தவர்கள் அவருடைய கோடுகளையும் நிறுத்தக்குறிகளையும் திருத்திவிட்டார்கள். 1955இல் வந்த தாமஸ் ஜான்சனின் பதிப்புதான் அவற்றை மீட்டது. அந்தக் கோடுகளில் நின்று படித்தால் பொருளே மாறும்.

4. ரெட்டரிக்கைச் சூழலிலிருந்து தொடங்குங்கள். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம், அவர் போராட்டத்தைக் கண்டித்து அறிக்கை விட்ட எட்டு வெள்ளைச் சமயத் தலைவர்களுக்கான பதில். எழுதுபவரும் போதகர், பெறுபவர்களும் சமயத் தலைவர்கள். அதனால்தான் பைபிளும் புனித அகஸ்டினும் தாமஸ் அக்வைனஸும் அங்கே சாட்சிக்கு வருகிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று லிங்கன் நினைவகத்தின் முன் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் பேசியபோது, அவர் காதுக்காகக் கட்டினார்: தொடர்களைத் திரும்பத் திரும்ப ஒரே சொற்களில் தொடங்கினார். ஆள் ஒருவரே, நோக்கமும் ஒன்றே. கேட்பவர்கள் மாறியதும் கட்டுமானம் மாறியது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ரெட்டரிக் பாடத்தில் பாதி முடிந்தது.

5. பெயர் சூட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஈத்தோஸ் (பேசுபவரின் நம்பகம்), பேத்தோஸ் (கேட்பவரின் உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்) என்ற அரிஸ்டாட்டிலின் மூன்று சொற்களும் தொடக்கம் மட்டுமே. “டக்ளஸ் பேத்தோஸைப் பயன்படுத்துகிறார்” என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. அவர் 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் சுதந்திர தின உரையாற்றினார். அந்த உரையைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்: “நாட்டை நிறுவியவர்களை முதலில் மனதாரப் புகழ்ந்து கேட்பவர்களின் நம்பிக்கையைப் பெறுகிறார், ஆனால் அந்த விடுதலையை எப்போதும் ‘உங்களுடையது’ என்றே குறிப்பதால், தம் மக்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பதை அவர்களே உணரும்படி செய்கிறார்.” என்ன செய்தார், எப்படிச் செய்தார், எதற்காகச் செய்தார் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன.

6. இலக்கணத்தை இதே எழுத்துகளில் கற்றுக்கொள்ளுங்கள். கிங்கின் கடிதத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம் இருக்கிறது. காலத்தைக் குறிக்கும் துணைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அரைப்புள்ளிகளால் கோக்கப்பட்டு வந்துகொண்டே இருக்கும். முதன்மைத் தொடர் கடைசியில்தான் வரும். பொறுத்திருங்கள் என்று சொன்னவர்களையே அந்த வாக்கியம் முடியும்வரை காக்கவைக்கிறார். அரைப்புள்ளியும் துணைத்தொடரும் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. சுதந்திரப் பிரகடனத்தில் மன்னர் மீதான குற்றச்சாட்டுகள் ஒரே எழுவாயில் தொடங்கி அடுக்கப்படுவதைப் பாருங்கள். சுமார் 270 சொற்களில் முடிந்த லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையில் (1863) இணையமைப்புகளை எண்ணிப் பாருங்கள்.

7. உங்கள் சொந்தப் பிழைகளின் பட்டியலை வைத்திருங்கள். இந்த ஆண்டு திருத்தி வந்த கட்டுரைகளை எடுத்துச் சிவப்பு மை விழுந்த இடங்களைக் குறியுங்கள். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவது, பயனிலை இல்லாத துண்டு வாக்கியம், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நீண்ட தொடர் புகுந்து ஒருமை பன்மை தவறுவது ஆகியவைதான் திரும்பத் திரும்ப வருபவை. இன்னொன்று, ஆளில்லாமல் தொங்கும் அடைத்தொடர். “தெருவில் நடந்துகொண்டே மரங்கள் அழகாகத் தெரிந்தன” என்றால் நடந்தது மரங்களா? தமிழில் இடறும் அந்த இடம் ஆங்கிலத்திலும் இடறும். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் இரண்டைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் முன் வரும் ‘அ’, ‘தி’ நம் மொழியில் அப்படி இல்லை; வினையே ஆளைக் காட்டிவிடுவதால் தமிழில் நாம் எழுவாயை விட்டுவிடலாம், ஆனால் ஆங்கிலத்தில் அதை விடக்கூடாது.

8. கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) ஆங்கில மொழித் தேர்வில் மூன்று கட்டுரைகளுக்கு, 15 நிமிட வாசிப்பையும் சேர்த்து, 2 மணி 15 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி. அதில் 4 புள்ளி சான்றுக்கும் அதை விளக்குவதற்கும். முன்னுரையை அலங்கரிப்பதில் நேரத்தைச் செலவிடாமல், மையக் கருத்தை ஓரிரு வாக்கியங்களில் தெளிவாகச் சொல்லிவிட்டு விளக்கத்துக்குப் போங்கள். பள்ளியின் சொந்தத் தேர்வுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

9. தேர்வறையில் பத்திக்கு மேலே உள்ள சிறு குறிப்பை முதலில் படியுங்கள். எழுதியவர், ஆண்டு, சந்தர்ப்பம் எல்லாம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். நீங்கள் முன்பு படிக்காத பத்தி வந்தாலும் அஞ்ச வேண்டாம்; கேட்க வேண்டியது தொடக்கத்தில் சொன்ன அதே கேள்விதான். முந்தின நாள் இரவு புதிதாக எதையும் தொடாமல் தூங்குங்கள்.

10. தேர்வு முடிந்த பிறகும் அந்தக் கேள்வியை விடாதீர்கள். இந்தப் பாடத்தின் எழுத்துகளில் பெரும்பாலானவை பரீட்சைக்காக எழுதப்பட்டவை அல்ல. விடுதலை யாருக்கு, சட்டம் யாருக்கு என்று நாடு பிளந்து நின்றபோது எழுதப்பட்டவை. ஓரிரு ஆண்டுகளில் உங்களுக்கு 18 வயதாகும். நீங்கள் குடிமக்களானால் வாக்குரிமை வரும். எப்படியிருந்தாலும் உங்களை இணங்கவைக்க நினைக்கும் பேச்சுகள் நாள்தோறும் வரும். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்தச் சொல்லை எங்கே வைத்து என் மனதை அசைக்கிறார் என்று அப்போது நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். அதற்காகத்தான் இந்தப் பாடத்தைக் கற்பிக்கிறோம்.