நூலின் மேலட்டையும் வாசகரின் தேர்வும்

நூல் நிலையத்துள் நுழையும் வாசகர் ஒருவர், எந்த நூலை எடுப்பது என்று முடிவு செய்யும்போது அந்நூலின் ஒரு பக்கத்தையேனும் படித்திருப்பதில்லை. ஆசிரியரின் பெயரை முன்பே அறிந்தவர்களும், பிறர் சொல்லக் கேட்டு வந்தவர்களும் நீங்கலாக, ஏனையோருக்கு நூலைப் பற்றிக் கிடைக்கும் முதற் செய்தி அதன் மேலட்டையே ஆகும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிட்டவேண்டும் என்பதாகும். கண்ணில் படாத நூலுக்கும், கண்ணில் பட்டும் தவறாக உணரப்பட்ட நூலுக்கும் அவ்வாசகர் கிட்டுவதில்லை.

மூன்று தொலைவுகள்

மேலட்டை வாசகரிடம் மூன்று தொலைவுகளில் பேசுகிறது. முதலாவது, சுமார் 3 மீட்டர் தொலைவு. மனிதக் கண் மிகத் தெளிவாகக் காணும் பரப்பு ஏறத்தாழ 2 பாகைக் கோணத்துள் அடங்குவது. 3 மீட்டர் தொலைவில் அது சுமார் 10 சென்டிமீட்டர் அகலமே. அதற்கு அப்பாலுள்ளவை வர்ணத் திட்டுகளாகவும், ஒளி நிழல் வேறுபாடுகளாகவும் மட்டுமே புலப்படும். எனவே, வாசகரின் பார்வையை ஓரிடத்திற்கு இழுப்பது நுண்ணிய ஓவிய வேலைப்பாடன்று. பின்னணிக்கும் உருவத்திற்கும் உள்ள தெளிவான வேறுபாடேயாகும்.

இரண்டாவது, தலைப்பைப் படிக்கும் தொலைவு. கண் பரிசோதனைப் பலகையின் அளவுப்படி, குறையற்ற கண் 6 மீட்டர் தொலைவில் சுமார் 9 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தை அடையாளங்காணும். 3 மீட்டரில் இதில் பாதி போதும். ஆனால் இது பார்வையின் எல்லையேயன்றி, சிரமமின்றிப் படிப்பதற்கான அளவன்று. அதற்கு இரண்டு மூன்று மடங்கு பெரிய எழுத்து வேண்டும். இரண்டு சுழி 'ன'வையும் மூன்று சுழி 'ண'வையும் பிரித்தறிய வேண்டிய தமிழ்த் தலைப்புக்கு இது மிகவும் பொருந்தும். மேலும், ஒளி மிகக் குறைந்த வேளையில் சிவப்பு நிறம் கண்ணுக்குக் கருமையாகத் தோன்றும். கறுப்பு அட்டையில் சிவப்பெழுத்துப் பொறித்த நூல், அந்தி நேரத்தில் பெயரற்ற நூலாகிவிடும்.

மூன்றாவது, நூல் கையிலுள்ள நிலை. இப்போது வாசகர் படத்தை உற்றுநோக்கி, 'இது என்ன நூல்? இது எனக்கு உரியதா?' என்னும் இரு வினாக்களுக்கு விடை தேடுகிறார்.

இரண்டு உதாரணங்கள்

1943-இல் கல்கத்தாவில் திலீப் குமார் குப்தா தொடங்கிய சிக்னெட் பிரஸ், தன் நூல்களின் மேலட்டைகளை வரையும் பொறுப்பை, அப்போது விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிய சத்யஜித் ராயிடம் ஒப்படைத்தது. குமாவுன் மலைகளின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி ஜிம் கார்பெட் எழுதிய நூலின் வங்காளி மொழிபெயர்ப்புக்கு ராய் புலியின் உருவத்தை வரையவில்லை. அட்டை முழுவதையும் புலித்தோலாகத் தீட்டி, முன்புறத்தில் குண்டு நுழைந்த சிறு துளையையும், பின்புறத்தில் அது வெளியேறிய பெருந்துளையையும் காட்டினார். உடலினுள் குண்டு உருக்குலைந்து சிதறுவதால் வெளிவாய் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். நூலின் பொருளும் உண்மையும் ஒருங்கே அவ்வட்டையில் அமைந்தன.

மற்றொன்று இங்கிலாந்தைச் சேர்ந்தது. 1935-இல் ஆலன் லேன் வெளியிட்ட பெங்குவின் நூல்களின் அட்டையில் கதைக்குரிய படம் ஏதுமில்லை. நாவலுக்குச் செம்மஞ்சள், துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என்று வர்ணமே நூலின் வகையைச் சொல்லியது. அந்நூல்கள் பரவியதற்கு 6 பென்னி என்னும் குறைந்த விலையும் காரணமாகையால், வெற்றி முழுவதையும் அட்டைக்கே உரியதாக்குதல் தகாது. ஆயினும், மாறாத ஓர் அடையாளம் வாசகரின் தேடலை எளிதாக்கும் என்பது இதனால் விளங்கும்.

அட்டை அளிக்கும் வாக்கு

மேலட்டை ஒரு வாக்குறுதி போன்றது. அது பொய்த்தால் பழகிய வாசகர் வேறொரு நூலை எடுத்துக்கொள்வார். புதிதாகப் படிக்கக் கற்றவரோ படிப்பையே விட்டுவிடக்கூடும். மாடு வளர்ப்பு நூலின் அட்டையில் சீமைப் பசுவின் படம் இருப்பின், நாட்டு மாடு வைத்திருக்கும் விவசாயி அதைத் தமக்குரியதன்று என்று ஒதுக்குவது இயல்பே. மிகப் பெரிதாக்கிய ஈயின் படத்தைக் கண்ட கிராமத்தார், 'எங்கள் ஊரில் இவ்வளவு பெரிய ஈ கிடையாது' என்று கூறியதாகச் சுகாதாரப் பணியாளரிடையே வழங்கும் கதையும், படத்தைப் பார்த்துப் பொருள் கொள்வதும் கற்றுப் பெறவேண்டிய திறமையே என்பதை நினைவூட்டுகிறது. முதியோருக்கான நூலுக்குக் குழந்தைகளின் பாடநூலைப் போன்ற அட்டை போடுவது மற்றொரு பிழை. அதைத் தெருவில் எடுத்துச் செல்ல நாணி, துண்டுக்குள் மறைக்கும் ஒருவர் மறுமுறை நூல் நிலையத்திற்கு வருவது ஐயமே.

எளிய சோதனை

புதிய வாசகர்களுக்கான சிறு பிரசுரங்கள் பல, நடுவில் கம்பித் தையலிட்டவை. தலைப்பைப் பொறிக்க அவற்றிற்கு முதுகுப் பகுதியே இல்லையாதலால், அலமாரியில் நெருக்கி வைத்தால் அவை மறைந்துவிடும். சுவரோரம் கயிறு கட்டி, அவற்றை அட்டை தெரியுமாறு தொங்கவிடலாம். இதன் பயனை அளந்தறிய, 20 பிரசுரங்களை இரண்டு பத்தாகப் பிரித்து, ஒரு பத்தைக் கயிற்றிலும் மற்றதை அலமாரியிலும் இரு வாரங்கள் வைக்கவும். அடுத்த இரு வாரங்கள் இடம் மாற்றி வைக்கவும். இவ்வாறு மாற்றாவிடில், நூலின் சிறப்பால் விளைந்ததை வைத்த இடத்தால் விளைந்ததாகக் கருதிவிட நேரும். எத்தனை நூல்கள் எடுக்கப்பட்டன என்பதோடு, எத்தனை முழுவதும் படிக்கப்பட்டன என்பதையும் கேட்டுக் குறித்தல் வேண்டும். அதிகமாக எடுக்கப்பட்டு, பாதியில் திருப்பப்படும் நூலின் அட்டையை ஐயத்துடன் ஆராய வேண்டும்.

பயிற்சி

1. கதைநூல் ஒன்றின் அட்டையை மட்டும் மாணவருக்குக் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று எழுதச் செய்க. படித்தபின் இரண்டையும் ஒப்பிடுக.

2. மூன்று நூல்களை 3 மீட்டர் தொலைவில் வைத்து, எவற்றின் தலைப்பைப் படிக்க முடிகிறது என்று பகலிலும் அந்தியிலும் சோதித்துக் காரணம் கூறுக.

3. அட்டை கிழிந்த நூல்களுக்கு மாணவரைக் கொண்டு புதிய அட்டை தயாரித்து, அதன்பின் அவற்றை எடுப்போர் தொகை மாறுகிறதா என்று ஒரு மாதம் கணக்கெடுக்க.