மாற்றுறுப்பும் மறைந்துறை வைரசும்

மானிப்பாயிலிருந்து மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் போந்த அவர், 'இரணவைத்தியம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். அவர் பணிபுரிந்த ஊரில் வாழும் எமக்குப் புதிய மருத்துவச் செய்தியொன்றைத் தமிழில் எடுத்துரைக்க நாணம் வேண்டுவதில்லை. சென்ற தவணையில் மாணாக்கரொருவர், "ஐயா, தந்தை ஈந்த உறுப்பே பிள்ளைக்கு நோயையும் கொண்டுவருமோ?" என வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

1998ஆம் ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயது நிரம்பாத குழந்தையொன்றுக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதி டில்லி அப்பலோ மருத்துவமனையிற் பொருத்தப்பட்டது. பித்தம் வடியும் வழி அடைபட்ட குழந்தை அது. இந்தியாவிற் குழந்தையொன்றுக்கு வெற்றியுடன் நிகழ்ந்த முதல் ஈரல் மாற்றம் அதுவேயாம். அக்குழந்தை வளர்ந்து தானும் ஒரு மருத்துவராயினமை மகிழ்தற்குரியது.

நிற்க, இத்தகைய சிகிச்சையிற் கத்தியின் வேலை முடிந்த பின்னர் வேறோர் அச்சம் தொடங்குகின்றது. அயலுறுப்பை உடல் பகையெனக் கொண்டு தாக்கும். அதனைத் தடுக்க, உடலின் காவலை மருந்தினால் தளர்த்துவர். காவலன் கண்ணயர்ந்த வீட்டிற் கள்வன் புகுதல் எளிதன்றோ! அக்கள்வருள் முதன்மையானவை சைற்றோமெகலோ வைரசு, எப்ஸ்ரைன்-பார் வைரசு என்னும் இரண்டாம். ஒருமுறை உடலிற் புகுந்தால் இவை வாழ்நாள் முழுதும் ஒடுங்கிக் கிடப்பன. வளர்ந்தோர் பலர் இவற்றைத் தாங்கியும் யாதொரு குறையுமின்றி உலாவுகின்றனர். சிறு குழந்தைகளுட் பலரோ இவற்றை இன்னும் எதிர்ப்படாதவர். ஆகவே, தந்தையின் ஈரலோடு, அவர் அறியாது சுமந்த வைரசும் பிள்ளையின் உடலிற் குடியேறலாம். மாணாக்கரின் வினாவுக்கு விடை 'ஆம்' என்பதே; கூற மனம் வருந்துகின்றது.

இதனை முன்னறிதல் எங்ஙனம்? சிகிச்சைக்கு முன் இருவர் குருதியிலும் அவ்வைரசுக்குரிய பிறபொருளெதிரி உளதாவெனச் சோதிப்பர். ஈவோரிடம் இருந்து ஏற்போரிடம் இல்லையேல் ஆபத்து மிகுதி. இருவரிடத்தும் இல்லையேல் மிகக் குறைவு. கணக்கு எளிதாகத் தோன்றும்; ஆயின் கைக்குழந்தையிடத்து அது பிழைத்தலும் உண்டு. தாயின் பிறபொருளெதிரி கருவிலேயே சேய்க்குச் சென்று, பிறந்த பின்னும் பல மாதம் நிலைக்கும். சோதனை 'உளது' என்று கூறினும், அது தாயிடம் பெற்ற இரவற் பொருளாயிருக்கலாம். ஆதலின், ஈவோரிடம் வைரசு உளதாயின், ஓராண்டு நிரம்பாத மகவைச் சோதனை யாது கூறினும் ஆபத்து மிகுந்த வகையிலேயே வைத்தெண்ணுவர். இந்நுட்பம் எம்மைப் பெரிதும் வியப்பித்தது.

பின்னர், குறித்த இடைவெளிகளிற் குருதியிலுள்ள வைரசின் அளவு கணிக்கப்படும். அளவு ஏறுமுகமாயின், நோய்க்குறி தோன்றுமுன்னரே எச்சரிக்கை கிடைத்தல் கூடும். சைற்றோமெகலோ வைரசுக்கு வல்கன்சிக்குளோவிர் என்னும் மருந்துண்டு. ஆபத்து மிகுந்தோர்க்கு அதனை முற்காப்பாக மாதக்கணக்கிற் கொடுப்பர். மற்றையதற்கு அத்துணை நம்பத்தகு மருந்தில்லை. காவலைத் தளர்த்தும் மருந்தைக் குறைப்பதே முதல் வழி. மிகக் குறைப்பின் உடல் உறுப்பைத் தள்ளிவிடக் கூடும். குறையாது விடின் நிணநீர்க் கலங்கள் பெருகிப் புற்றாகவும் மாறலாம். இவ்விரண்டுக்குமிடையே, ஒவ்வொரு குருதிச் சோதனையின் பின்னும், மருத்துவர் மருந்தின் அளவைப் புதிதாக நிறுக்கின்றனர்.